துடிப்படக்கி வகைவிரி

பாயிரம்

மாணாக்க, செவி தாழ். பாயிரம் எட்டு உறுப்புடைத்து என்பர் முன்னோர். அவற்றுள் ஈண்டு வேண்டுவன நான்கே. நுதலிய பொருள்: தளர்ந்த நெஞ்சாங்குலைக்குத் தரப்படும் துடிப்படக்கி வில்லைகளும், அவற்றை விழுங்கியோர் முறையிடும் பக்கவிளைவுகளாகிய ஒட்டுவிளைகளும். எல்லை: வடக்கே பெரும்பாலை, தெற்கே பழனி, கிழக்கே குளித்தலை, மேற்கே வெள்ளியங்கிரி. கேட்போர்: கோவை அவிநாசிச் சாலை மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில் மஞ்சள் பையை மடிமேல் வைத்து அமர்ந்திருப்போரும், அவர்க்குத் துணைவந்தோரும். பயன்: இன்ன முறையீடு இன்ன வில்லையின்பாற்பட்டது எனத் துணிதல். எஞ்சிய நான்கனுள் ஆக்கியோன் பெயரை அடக்கம் கருதி விடுத்தாம்.

இத்துறைக்கு முன்னூல் இல்லையோ எனின், உள. ஆயின் அவையெல்லாம் வில்லையை வகுத்தனவேயன்றி முறையீட்டை வகுத்தில. 'ஒரு மாதிரியா இருக்குதுங்க' என்று ஒருவர் கூறின் அதனை எவ்வகையுள் அடக்குவது என்று எந்நூலாரும் உரைத்திலர். அக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது.

உலகோர் பீட்டா பிளாக்கர் என வழங்குவதை யாம் துடிப்படக்கி என்போம். குலை தளர்ந்தவிடத்து உடலானது அட்ரினலின் முதலிய முடுக்குநீர்களைச் சுரந்து அதனை மேன்மேலும் விரட்டும். கிணறு வற்றிய பின்னும் மோட்டாரை ஓடவிட்டுச் சுருள் கருகக் கண்டோர் கொங்குநாட்டில் மிகப் பலராதலின், இதனை விளக்குதல் மிகை. முடுக்குநீர் சென்று பொருந்தும் இடம் ஏற்பி எனப்படும். முந்திச் சென்று ஏற்பியை அடைத்து அமர்ந்துகொள்வது துடிப்படக்கி. ஏற்பி ஆல்பா, பீட்டா என இருவகைத்து என்று 1948-இல் அமெரிக்கரான ரேமண்ட் ஆல்குவிஸ்ட் வகுத்தார். வகுத்தலே அறிவின் தலை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவ்வழி நின்று 1960-களில் புரோப்ரனலாலை ஆக்கிய ஸ்காட்லாந்தினர் ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிட்டியது. ஆல்குவிஸ்டுக்குக் கிட்டவில்லை. வகுப்போர் நிலை எந்நாட்டிலும் இதுவே.

தளர்ந்த குலைக்கு அடக்கி தருதல் தகாது என்பதே நெடுநாள் நெறியாக இருந்தது. 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டீனும் உடனாய்ந்தோரும் எழுவர்க்குத் தந்து நலம் கண்டு எழுதினர். எழுவரைக் கொண்டு நெறி மாற்றுவதா என்று மருத்துவர் அவையம் இருபதாண்டுக்கு மேல் தலையசைத்தது. 1999-இல் 2,647 பேரை ஆய்ந்த சிபிஸ்-2 ஆய்வும், 3,991 பேரை ஆய்ந்த மெரிட் ஆய்வும் வெளிவந்தன. இரண்டிலும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தலையசைத்தல் நின்றது.

குடியியல்

கடைக்காரர் பத்து வில்லை அட்டையைக் கத்தரியால் நறுக்கி நான்கு தருங்கால், பெயரின் முற்பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வாங்கியோர் கைக்கு வருவது 'லால்' என்னும் ஈறு மட்டுமே. எனவே இவ்வில்லைகள் அனைத்தையும் லால்குடி எனத் தொகுத்தல் பொருந்தும். இதனைத் திருச்சிராப்பள்ளிக்கு அணித்தாகிய ஊரோடு மயங்கற்க. அது குளித்தலைக்குக் கிழக்கே கிடத்தலின் எம் எல்லைக்குப் புறம்பு.

லால்குடி இருவகைத்து: சான்றுக்குடி, சான்றிலிக்குடி. தளர்ந்த குலையுடையோர் நெடிது வாழ உதவும் என ஆய்வால் நிறுவப்பட்டது சான்றுக்குடி. அது மூன்று.

முதலாவது, தனிநோக்கியாகிய பிசோபிரலால். குலையிலுள்ள பீட்டா ஒன்று என்னும் ஏற்பியையே பெரிதும் நாடும், மூச்சுக்குழலின் ஏற்பியைக் கண்டும் காணாதது போற் செல்லும். 1.25 மில்லிகிராமில் தொடங்கி 10 வரை ஏறும். நாளுக்கு ஒருமுறை. இக்குடியினுள் கான்கார் என்னும் வணிகப் பெயருடையது நெஞ்சாங்குலை வடிவிலேயே வார்க்கப்பட்டது. குலையின் உண்மை வடிவு அதுவன்று. ஆயினும் விழுங்குவோர் இதுபற்றி முறையிட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, பன்னோக்கியாகிய கார்வெடிலால். பீட்டா ஒன்று, பீட்டா இரண்டு, ஆல்பா ஆகிய எதனையும் விடாது. ஆல்பாவை அடைத்தலால் குருதிக்குழல் நெகிழும், குருதியழுத்தம் தாழும். 3.125-இல் தொடங்கி 6.25, 12.5, 25 என ஏறும். நாளுக்கு இருமுறை. 85 கிலோவுக்கு மேற்பட்ட உடலினர்க்கு வேளைக்கு 50 வரை செல்லும். மிகத் தளர்ந்த குலையினர் 2,289 பேரை ஆய்ந்த கோப்பர்னிகஸ் ஆய்வில் (2001) இறப்பு 35 விழுக்காடு குறைந்தது.

மூன்றாவது, நீள்கரைவியாகிய மெட்டோபிரலால் சக்சினேட். இங்கு மாணாக்கன் நிமிர்ந்து உட்கார்க. மெட்டோபிரலால் இரட்டையர். ஒருவர் சக்சினேட், நாள் முழுதும் மெல்லக் கரைபவர், மெரிட் ஆய்வில் வென்றவர். மற்றவர் டார்ட்ரேட், விரைந்து கரைபவர், குலைத்தளர்ச்சிக்குச் சான்று காட்டாதவர். 2003-இல் வெளிவந்த காமெட் ஆய்வில் 3,029 பேரை இருபாற்படுத்திக் கார்வெடிலாலோடு டார்ட்ரேட்டை மோதவிட்டனர். ஐந்தாண்டளவில் இறந்தோர் கார்வெடிலாற்பாலில் நூற்றுக்கு 34, டார்ட்ரேட்டுப்பாலில் 40. கார்வெடிலால் வென்றது டார்ட்ரேட்டை மட்டுமே, சக்சினேட்டையன்று என்று வாதிடுவோர் இன்றும் உளர். அவர் வாதம் ஏற்புடைத்து. இரட்டையரைப் பிரித்தறியும் குறி வாலெழுத்து. பெயரின் பின் எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என ஏதேனும் ஒரு வால் இருப்பின் நீள்கரைவி, வாலில்லையேல் ஐயுறுக. நறுக்கிய அட்டையில் வால் எப்பாதியில் நிற்கும் என்பது கத்தரியின் கையில். வாலுடையதைக் கோட்டில் ஒடித்து அரையாக்கலாம், நுணுக்கலும் மெல்லலும் ஆகா. வெல்லத்தோடு நசுக்கி ஊட்டும் அம்மாச்சிமார் இதனைக் குறித்துக்கொள்க.

நெபிவலால் இவ்விரண்டற்கும் இடைப்பட்ட அரைச்சான்றுக்குடி. எழுபதும் அதற்கு மேலும் அகவையுடைய 2,128 பேரிடை நிகழ்ந்த சீனியர்ஸ் ஆய்வில் (2005) இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூட்டாகக் குறைந்தன, இறப்பைத் தனித்து நோக்கின் குறைவு உறுதிப்படவில்லை. நைட்ரிக் ஆக்சைடைத் தூண்டிக் குழலை நெகிழ்த்தும் இயல்பினது.

அட்டெனலாலும் புரோப்ரனலாலும் சான்றிலிக்குடி. குருதியழுத்தம், கைநடுக்கம், ஒற்றைத்தலைவலி ஆகிய பிற துறைகளில் அவை புகழ் பெற்றன. ஈண்டு அவற்றுக்கு வேலையில்லை.

ஒட்டுவிளையியல்

ஒட்டுவிளை ஒன்பது. மெய்ப்பாடு எட்டே என்ற தொல்காப்பியர்க்கு மாறுபட்டோம் அல்லோம். அவர் காத்திருப்புக் கூடத்தை ஆய்ந்திலர்.

ஒன்று, கிறக்கம். கொங்கு வழக்கில் கெறக்கம். நிலம் அசையாதிருக்கவும் அசைவதாகத் தோன்றல் இதன் வரையறை. இது நான்கு வகை.

எழுகிறக்கம் என்பது கிடந்தவர் சட்டென எழுங்கால் தோன்றுவது. நள்ளிரவில் கொல்லைப்புறம் செல்வோர்க்குச் சிறப்பாக உரியது. கட்டிலின் ஓரத்தில் சிறிது அமர்ந்து, பின் எழுவார்க்கு இது குறையும்.

வெறுவயிற்றுக் கிறக்கம் என்பது கார்வெடிலாலுக்கே உரியது. அவ்வில்லை உணவோடு சென்றால் மெல்ல ஏறும், தனியே சென்றால் விரைந்து ஏறி அழுத்தத்தைத் தாழ்த்தும். 'ஏனுங்க, வெறும் வயித்துல போட்டனுங்க, செத்த நேரத்துல செவுரே சுத்துதுங்க' என்பது இதற்கு எடுத்துக்காட்டு. அரிசிம்பருப்பு உணவு. சந்தகை உணவு. கம்மங்கூழ் உணவு. காப்பி உணவன்று. காப்பியோடு தோய்த்த இரண்டு வர்க்கி உணவாகுமா என்பதில் எமக்குத் தெளிவு பிறந்திலது, மூன்று ஆகும்.

திரள்கிறக்கம் என்பது காலை வில்லைகள் அனைத்தையும் உள்ளங்கையில் குவித்து ஒரே வாயில் விழுங்குவோர்க்கு வருவது. அழுத்தம் தாழ்த்தும் பல வில்லைகள் ஒரே வேளையில் வேலை தொடங்குதலின் இது நிகழும். எதனை எப்பொழுதுக்குத் தள்ளுவது என்பதை மருத்துவர் வகுத்துத் தருவார்.

கொண்டையூசிக் கிறக்கம் என்பது ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் நாற்பது வளைவுகளில் தோன்றுவது. இதனை வில்லையின்மேல் ஏற்றுதல் பிழை. அப்பேருந்தில் எவ்வில்லையும் விழுங்காதோரும் காலதர் ஓரத்து இருக்கைக்கு அலைவர் என்பதே சான்று.

இரண்டு, ஓய்ச்சல். முறையீடுகளுள் மிகப் பரந்தது இதுவே. இதுவும் நால்வகை: வில்லை தொடங்கிய முதற் கிழமைகளில் வருவது தொடக்கவோய்ச்சல். இரு கிழமைக்கு ஒருமுறை அளவை இரட்டிக்குங்கால் வருவது படியோய்ச்சல். இவை இரண்டும் பெரும்பாலும் தாமே அகலும். குலையின் தளர்ச்சியாலேயே வருவது குலையோய்ச்சல். இது வில்லைக்கு முன்னும் இருந்தது, ஆயின் முறையிடுவோர் அதனை மறந்துவிடுவர். நான்காவது அழைப்போய்ச்சல். வேலைக்கு அழைத்தாலன்றித் தோன்றாது. அதன் இயல்பைக் கூடத்தில் கேட்ட ஓர் உரையாடலால் உணர்த்துதும்.

மருத்துவர்: 'இப்ப எப்படி இருக்குதுங்கய்யா?'

உண்டவர்: 'ஒரே ஓய்ச்சலுங்க. மாத்திரை போட்டதுல இருந்து காட்டுப்பக்கம் போவ முடியறதில்லீங்க. தண்ணி கட்டக்கூட ஆளுதானுங்க.'

இல்லாள்: 'ஏனுங்க, முந்தாநேத்து பொள்ளாச்சி சந்தைக்குப் போயி பொழுதுக்கும் நின்னு மாடு பாத்துட்டு வந்தது ஆருங்க?'

உண்டவர்: 'அது வேறீங்.'

இல்லாள் கூற்று இந்நூலில் புறச்சான்று எனப்படும். உண்டவர் கூற்று தன்சான்று. இரண்டும் முரணின் புறச்சான்றே வலிது. 'அது வேறீங்' என்பது தனியொரு வகையாகுமோ எனின் ஆகாது, அது அழைப்போய்ச்சலின் ஈறு.

இனி எண்ணால் நிறுவுதும். குலைத்தளர்ச்சியினரிடை நிகழ்ந்த ஆய்வுகளைத் திரட்டி 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, வில்லை விழுங்கியோரிடம் மருந்தில்லா வெற்றுவில்லை விழுங்கியோரினும் மிகுந்து காணப்பட்டவை, ஆண்டுக்கு ஆயிரவருள்: கிறக்கம் 57, குறைதுடிப்பு 38, அழுத்தத்தாழ்வு 11. ஓய்ச்சலோ 3, அதுவும் உறுதிப்படாதது. வில்லையை இடையில் விட்டோர் தொகை வெற்றுவில்லைப்பாலிலேயே மிகுதி. பின்னர் 2013-இல் மற்றொரு திரட்டு 33 ஒட்டுவிளைகளை ஆய்ந்து, அவற்றுள் 28 வெற்றுவில்லையினும் மிகவில்லை எனக் கண்டது. முப்பத்துமூன்றாக வகுத்த அவ்வறிஞரை யாம் வணங்குகிறோம். எம் ஒன்பது அவர்முன் சிறுமுயற்சி.

'ஒரு மாதிரி' எங்கு அடங்கும் எனின், கையை நெற்றியில் வைத்துக் கூறின் கிறக்கத்துள், இடுப்பில் வைத்துக் கூறின் ஓய்ச்சலுள். இரு கையையும் விரித்துக் கூறின் மறுமுறை வினவுக.

மூன்று, குறைதுடிப்பு. துடிப்பு மணித்துளிக்கு அறுபதுக்குக் கீழ் வருதல் இவ்வில்லையின் தொழிலேயன்றிக் குற்றமன்று. ஐம்பதுக்குக் கீழ் சென்று கிறக்கமோ மயக்கமோ உடன்வரின் மருத்துவர் அளவைக் குறைப்பார். கொரோனாப் பொழுதில் வாங்கிய விரற்கருவியை இன்றும் நாழிகைதோறும் மாட்டிப் பார்ப்போர்க்கு வருவது கருவித்துடிப்பு. அது கருவியின் மின்கலம் தீருங்கால் தீரும்.

நான்கு, முனைக்குளிர். கைகால் விரல்நுனி சில்லிடுதல். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வரும் காற்றால் சில்லிடுதலும் இதுவும் வேறு. போர்வைக்கு அடங்குவது காற்றின்பாற்பட்டது. உடுமலைக்கு மேற்கே இவ்வேறுபாட்டைத் துணிதல் அரிது.

ஐந்து, மூச்சிறுக்கம். இது நகைத்தற்குரியதன்று. கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் நிறுவிய ஆலை தொடங்கிப் பஞ்சுத்தூசியை மூச்சோடு இழுத்து வாழ்ந்தோர் பல தலைமுறையினர். அவருள் மூச்சுக்குழல் இறுகும் நோயுடையோர்க்குப் பன்னோக்கி மேலும் இறுக்கம் தரலாம், தனிநோக்கி ஒப்பீட்டளவில் ஏற்றது. ஆலையில் எத்துணை ஆண்டு, எப்பிரிவில் என்று வினவாது வில்லை தேர்தல் குறையே. புளோ ரூமில் நின்றவரும் பேக்கிங்கில் இருந்தவரும் ஒருவகையர் அல்லர்.

ஆறு, மறைகுறி. நீரிழிவுக்கு ஊசியோ வில்லையோ கொள்வோர்க்குக் குருதியில் இனிப்புத் தாழுங்கால் படபடப்பும் நடுக்கமும் எழுந்து எச்சரிக்கும். துடிப்படக்கி அவ்விரண்டையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. எனவே மின்விசிறியின்கீழ் அமர்ந்திருந்தும் நெற்றி வியர்ப்பின் கருப்பட்டி தேடுக, காற்றில்லை எனக் குறைகூறிக்கொண்டிரற்க.

ஏழு, நீர்ச்சேர்வு. தொடக்கத்திலும் அளவு ஏற்றுங்காலும் கால் வீங்கி எடை கூடலாம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறின் அது நீர், ஒரு திங்களில் ஏறின் அது விருந்து. முன்னதற்கு மருத்துவரை நாடுக.

எட்டு, கனவு. கொழுப்பில் கரையும் வில்லைகள் மூளை புகும் என்பது கொள்கை. மெட்டோபிரலால் அத்தகையது. இவ்வகைக் கனவுகள் தெளிவும் நிறமும் மிக்கன என்பர். கூடத்தில் யாம் கேட்டவை இரண்டே: பங்காளி வரப்பை வெட்டும் கனவு, பங்காளி வாய்க்காலைத் திருப்பும் கனவு. இவை வில்லைக்கு முன்னும் வந்தனவா என்று வினவியவிடத்து ஒருவரும் விடை கூறவில்லை.

ஒன்பது, செவிவிளை. வில்லையால் அன்றி வில்லை பற்றிய சொல்லால் விளைவது. இத்தாலியில் 2003-இல் ஆண்கள் 96 பேர்க்கு அட்டெனலால் தந்தனர். என்ன வில்லை என்றே கூறப்படாதோருள் ஆண்மைத்தளர்ச்சி முறையிட்டோர் நூற்றுக்கு மூவர். பெயர் மட்டும் கூறப்பட்டோருள் பதினாறளவினர். பெயரும் கூறி, தளர்ச்சியும் வரலாம், அரிதே என்றும் கூறப்பட்டோருள் முப்பத்தொருவர். வில்லை ஒன்றே, அளவும் ஒன்றே. எனவே மாணாக்க, இப்பத்தியை நீ படித்த பொழுதே உனக்கு அது தொடங்கியிருக்கக்கூடும். யாம் பொறுப்பல்லேம்.

உண்போரியல்

உண்போர் நால்வகையர்: முறையுண்போர், விட்டுண்போர், பகுத்துண்போர், நிறுத்துநர். முறையுண்போர் அரியர். விட்டுண்போர் நினைவு வந்த நாளில் இரண்டாக விழுங்கிக் கணக்கை நேர்செய்வர், அது தவறு. பகுத்துண்போர் 'எனக்கு நல்லா கேக்குதுங்க, நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்' எனத் திண்ணையில் அருகிருப்பார்க்கு ஈவர். ஈகை பெரிது. ஆயினும் வாங்கிக்கொள்ளற்க.

நிறுத்துநரே ஆய்வுக்குரியர். அடக்கி அமர்ந்திருக்கும் நாளில் உடல் புதிய ஏற்பிகளை ஆக்கிக்கொள்ளும். வில்லையைத் திடுமென நிறுத்தின் அவையெல்லாம் ஒருங்கே திறந்து முடுக்குநீரை ஏற்கும். துடிப்பு எகிறும், நெஞ்சு வலிக்கும், சிலர்க்குக் குலை தாறுமாறாகத் துடித்து உயிர்க்கும் ஊறு நேரும். நிறுத்துநர் நால்வர். கறியும் மருந்தும் ஒன்றாகா என்று கிடாவெட்டுக்கு நிறுத்துவோர் முதல்வர். வெள்ளியங்கிரி ஏழுமலை ஏறுதற்கு வில்லை தடை என நிறுத்துவோர் இரண்டாமவர். தளர்ந்த குலையோடு ஏழுமலை ஏறலாமா என்பதை இவர் எவரையும் கேளார், வனத்துறையார் வேண்டாம் என்று அறிவித்தும் கேளார். அட்டை தீர்ந்தமையின் நிறுத்துவோர் மூன்றாமவர். அடுத்த சந்தைநாள் வரை பொறுப்பர். நான்காமவரே பெருந்தொகையினர். 'ஏனுங்க நிறுத்துனீங்க?' எனின், 'நல்லாயிருச்சுங்க, அதான் நிறுத்திட்டனுங்க' என்பர். எதனால் நன்றாயிற்று என்னும் வினாவை இவர்முன் வைத்தல் வீண் என்பது எம் துணிபு. ஒட்டுவிளை பொறுக்கலாகாத இடத்து அளவைப் படிப்படியாக இறக்குவதும் குடி மாற்றுவதும் மருத்துவர் தொழில்.

புறனடை

மேற்கூறிய எவ்வகையினும் அடங்காதார் ஒருவர் உளர். கிறக்கம் உண்டா எனின் இல்லை என்பார். ஓய்ச்சல்? இல்லை. கனவு? இல்லை. 'ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேனுங்க' என்பதே அவர் கூற்று. இவரை வெறுமையர் எனக் குறித்து, இருவகையாகப் பிரிக்க: மெய்வெறுமையர், விழுங்கா வெறுமையர். விழுங்காதார்க்கு ஒட்டுவிளை இன்மை வெளிப்படை. பிரித்தறியும் முறையாவது: நாடியைப் பிடித்து எண்ணுக. எண்பதுக்கு மேல் ஓடின் மஞ்சள் பையை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்க்க. குமிழ்கள் உடையாதிருப்பின் அவரைக் குருதியழுத்தம் பார்க்கும் அறைக்கு அனுப்பிவிட்டு, உடன்வந்த இல்லாளை மட்டும் இருக்கச் சொல்லி வினவுக. 'அவரு எங்கீங்க போட்டாரு, வாங்கி வெச்சதோட செரிங்க' என்பாராயின், புறச்சான்று எனக் குறித்துக் கீழே கையெழுத்து வாங்கிக்கொள்க.